தல்வார் புதுச்சேரிக்குப் போனார்



நம் இதழுக்கு வரும் தபால்களில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எழுதியது எது என்பதை உறையைப் பிரித்ததுமே சொல்லிவிடலாம். வலது மேல் மூலையில் தேதி. இடப்பக்கம் மார்ஜின். ‘பொருள்’ என்று ஒரு வரி, அதன் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எந்த இதழ், எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று குறிப்பிட்டுத்தான் பாராட்டுவார்கள், திட்டுவதும் அப்படியேதான். எங்காவது அடித்துத் திருத்தியிருந்தால் பக்கத்திலேயே சின்னதாக ஓர் இனிஷியல். இத்தனை வருஷம் செக்கிலும் லெட்ஜரிலும் போட்டுப் பழகிய கை, பத்திரிகைக்கு எழுதும்போது மட்டும் மாறுமா?

இந்தக் கடிதங்களில் சுற்றிச் சுற்றி வருவது இரண்டு விஷயங்கள்தாம். ஒன்று வீடு, மற்றது சாமி. மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போய்க் குளிரில் குழந்தைத் துணி காயப்போட்ட கதை, பேரனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போய் மருமகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட கதை. அதோடு நவதிருப்பதி, வேளாங்கண்ணி நடைப்பயணம், தாமதமாகக் கிடைத்த ஹஜ் வாய்ப்பு. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பல கடிதங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒரு வரி வந்துவிடுகிறது: சர்வீஸில் இருந்தவரை நேரமே இல்லை, இப்போதுதான் சாமி பக்கம் திரும்பியிருக்கிறேன்.

நேரமில்லை என்பது உண்மைதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்போது வங்கி வேலை என்றால் பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறந்து இரண்டு மணிக்கு மூடுவது. கேஷ் டேலி ஆகாத ராத்திரிகளை அவர்கள் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு கிளையின் சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களைப் பாலன்ஸ் பண்ணுவது என்பது வீட்டை மறந்துவிட்டுச் செய்கிற காரியம். ஒன்பது ரூபாய் வித்தியாசம் வந்தால், ஏதோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறது என்று ஆரம்பத்திலிருந்து தேடுவார்கள். ஜூன் 30, டிசம்பர் 31 இரண்டும் கணக்கு முடிக்கும் நாள்கள். ஊரெல்லாம் புத்தாண்டுக்கு வெடி போடும்போது கிளைக்குள் ஒருவர் வட்டி போட்டுக்கொண்டிருப்பார். எண்பதுகளின் இறுதியில் வங்கிகளின் கணக்காண்டு மார்ச் மாதத்துக்கு மாறியது. புத்தாண்டு இரவு திரும்பக் கிடைத்தது. பதிலுக்குப் பங்குனி உத்திரம் போயிற்று.

இதற்கு மேல் டிரான்ஸ்ஃபர். பதவி உயர்வு வேண்டும் என்றால் வெளிமாநிலம் போக வேண்டும். பையன் பத்தாம் வகுப்பு, பெண் பிளஸ் டூ, அப்பாவுக்கு வயதாகிவிட்டது. எனவே மனைவி ஊரிலேயே இருக்க, மேனேஜர் மட்டும் பீகாரிலோ ஒடிசாவிலோ ஒற்றை அறையில் குக்கர் வைத்துச் சோறு பொங்கிச் சாப்பிடுவார். மகன் குரல் உடைந்ததை டெலிபோனில் தெரிந்துகொண்டவர்கள் இந்த இதழின் வாசகர்களிலேயே நிறைய பேர் இருப்பீர்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த நாள்களை இப்போது தவணை முறையில் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். ஸ்கூல் வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் தாத்தாக்களைப் பார்த்தால் பாதிப்பேர் முகத்தில் கடன் அடைக்கும் கண்டிப்பு தெரிகிறது.

ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ‘இப்போதுதான் சாமி’ என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ராஜ் குமார் தல்வார் ஞாபகத்துக்கு வருகிறார். சாமியை ஓய்வுக்காலத்துக்குத் தள்ளிப்போடாத வங்கிக்காரர் அவர். அதனாலேயே வேலையை இழந்தவர் என்றும் சொல்லலாம். ஸ்டேட் பாங்கில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். மற்றவர்களுக்காக இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

தல்வார் பஞ்சாபிக்காரர். 1922இல் பிறந்தார். கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு 1943இல் இம்பீரியல் பாங்கில் சேர்ந்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று மாகாண வங்கிகளை 1921இல் ஒன்றாக்கி உருவாக்கியது அந்த வங்கி. சென்னை ராஜாஜி சாலையில் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்களே, அரண்மனை மாதிரி ஒரு சிவப்புக் கட்டடம், அது முதலில் மெட்ராஸ் பாங்குக்காகக் கட்டியது. இம்பீரியல் பாங்க் 1955 ஜூலை 1ஆம் தேதி ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா ஆயிற்று. அதன் தலைவராக 1969 மார்ச்சில் தல்வார் வந்தபோது அவருக்கு 46 வயது. வந்த நான்கே மாதத்தில், ஜூலை 19 அன்று, பதினான்கு தனியார் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. பெரிய முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தே பழகிய வங்கிகள் விவசாயி பக்கமும் சிறுதொழில் பக்கமும் திரும்ப வேண்டிய காலம்.

அவர் செய்த நிர்வாகச் சீர்திருத்தங்களை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. கிளைகளைக் கணக்குப் புத்தகத்தின் வசதிப்படி நடத்தாமல் வாடிக்கையாளர் வகைப்படி பிரித்து நடத்தும் முறை அவர் காலத்தில் வந்தது. வங்கிகளில் வாடிக்கையாளர் சேவை பற்றி ஆராய 1975இல் அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். கவுன்ட்டரில் நிற்பவரை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதற்கு அரசாங்கம் ஒரு குழு போட வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.

அவருடைய பதவிக்காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1971 மே 24. டெல்லி பார்லிமென்ட் தெரு கிளையின் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு போன் வருகிறது. பேசியது பிரதமர் இந்திரா காந்தி என்று அவர் நம்புகிறார். வங்கதேச விஷயமாக ரகசியமாய் 60 லட்சம் ரூபாய் வேண்டும், இன்னாரிடம் கொடுத்துவிடுங்கள் என்று உத்தரவு. பெட்டகத்திலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டுபோய் வழியிலேயே அந்த மனிதரிடம் கொடுத்துவிட்டார். ரசீது வாங்கிக்கொள்ளலாம் என்று பிரதமர் வீட்டுக்குப் போனபோதுதான் அப்படி யாரும் போன் பண்ணவே இல்லை என்று தெரிந்தது. பணத்தை வாங்கிய ருஸ்தம் நகர்வாலா அன்றைக்கே பிடிபட்டார். மறு ஆண்டு காவலில் இருக்கும்போதே இறந்தும் போனார். இந்த விவகாரத்தின் அடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை வாதாடுகிறவர்கள் உண்டு. நமக்கு அது வேண்டாம். செக் இல்லை, வவுச்சர் இல்லை. பெரிய இடத்துக் குரல் என்ற ஒன்றுக்காக மட்டும் வங்கியின் பெட்டகம் திறந்தது. அது போதும்.

இரண்டாவது நெருக்கடிநிலைக் காலத்தில். இதை விரிவாக எழுதிவைத்தவர் நாராயணன் வாகுல். சென்னையில் லயோலாவில் படித்து, ஸ்டேட் பாங்கில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்து, நாற்பத்தைந்து வயது ஆவதற்குள் பாங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானவர். 1985 முதல் ஐசிஐசிஐக்குத் தலைவராக இருந்து அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர். 2024 மே மாதம் சென்னையில் காலமானார். தல்வாரின் கீழ் வேலை பார்த்த வாகுல், அவரைக் குரு ஸ்தானத்தில் வைத்து ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். இனி வருவது அவர் சொன்னபடி.

நஷ்டத்தில் ஓடிய சிமென்ட் கம்பெனி ஒன்று ஸ்டேட் பாங்கில் கடன் வாங்கியிருந்தது. நிர்வாகம் சரியில்லாததுதான் காரணம் என்று வங்கி கண்டுபிடித்தது. கடனைச் சீரமைத்துத் தருகிறோம், ஆனால் இப்போது தலைமைப் பொறுப்பில் இருக்கும் முதலாளி விலகி, தொழில் தெரிந்த நிர்வாகியிடம் கம்பெனியை விட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வங்கி வழக்கத்தில் இது ஒன்றும் அதிசயமான நிபந்தனை இல்லை. அந்த முதலாளி, பிரதமரின் மகன் சஞ்சய் காந்தியின் நண்பர். நிபந்தனையைக் கைவிடச் சொல்லி நிதியமைச்சர் தல்வாரிடம் பேசினார். தல்வார் உடனே மறுத்துவிடவில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டார், கோப்பைப் பார்த்தார். நிபந்தனை நியாயம்தான் என்று உறுதியான பிறகு, முடியாது என்றார். அமைச்சர் டெல்லிக்கே வரவழைத்து, இது எங்கிருந்து வரும் உத்தரவு என்று ஜாடையாகச் சொல்லியும் பதில் மாறவில்லை. பிறகு சஞ்சய் காந்தியே கூப்பிட்டு அனுப்பினார். தல்வார் போகவில்லை. அவர் அரசாங்கப் பொறுப்பு எதிலும் இல்லாதவர், நான் பதில் சொல்லக் கடமைப்பட்டது நிதியமைச்சருக்கு என்றுவிட்டார்.

1975, 76 என்று தேதியைச் சேர்த்துப் பாருங்கள். பத்திரிகைகளின் மேல் தணிக்கை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். முதலமைச்சர்களே போய்க் கைகட்டி நின்ற வீட்டுக்கு ஒரு வங்கி அதிகாரி வரமாட்டேன் என்கிறார்.

பிறகு நடந்ததெல்லாம் அவரை எப்படி அனுப்புவது என்ற யோசனைதான். வேறு பதவி தருகிறோம் என்றார்கள். ராஜினாமா செய்யுங்கள் என்றார்கள்; செய்ய வேண்டிய காரணம் எனக்கு இல்லை என்றார். ஸ்டேட் பாங்க் சட்டப்படி காரணமில்லாமல் தலைவரை நீக்க அப்போது வழியில்லை. எனவே சட்டத்தையே திருத்தினார்கள்: மூன்று மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்துவிட்டு, பதவிக்காலம் முடியும் முன்பே தலைவரை அனுப்பிவிடலாம். வங்கி வட்டாரத்தில் அதைத் தல்வார் திருத்தம் என்றே சொல்வதுண்டு. ஒருவருக்காகச் சட்டம் இயற்றுவதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை. 1976 ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர் பொறுப்பை ஒப்படைத்தார். வயது 54.

இங்கேதான் சாமி வருகிறார். தல்வார், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் பக்தர். பக்தர் என்றால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் படம் வைத்திருப்பவர் என்ற அளவில் இல்லை. வாகுல் தம் நூலில் தல்வாரின் துணிச்சலையும் நிர்வாகத் திறமையையும் சொல்லிக்கொண்டு வந்து, எல்லாவற்றுக்கும் அடியில் வைப்பது அந்த நம்பிக்கையைத்தான். வேலை என் கையில், பலன் அன்னையின் கையில் என்று ஒருவர் உண்மையிலேயே நினைத்துவிட்டால் அவரை எதைக் காட்டிப் பயமுறுத்துவது? பதவி போய்விடும் என்றால், போகட்டும் என்பார்.

அரவிந்தரின் ‘அன்னை’ என்ற சிறு நூல் 1928இல் வந்தது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பணத்தைப் பற்றியது. ஆன்மிக நூலில் பணத்துக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். பணத்தைத் தீட்டு என்று ஒதுக்குவதை அவர் ஏற்கவில்லை. அது ஒரு சக்தி. அதற்கு அடிமையாகவும் வேண்டாம், அதைக் கண்டு ஓடவும் வேண்டாம். வைத்திருப்பவர் சொந்தக்காரர் இல்லை, பொறுப்பாளர் மட்டுமே என்பது அவர் பார்வை. வங்கிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது. அவர் கை வழியாக ஒரு நாளில் போய்வரும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவருடையது இல்லை. டெபாசிட் போட்டவருடையது. கொடுக்கும்போதும் அவர் சார்பில்தான் கொடுக்கிறார், மறுக்கும்போதும் அவர் சார்பில்தான் மறுக்கிறார். சிமென்ட் கம்பெனிக்குச் சொன்ன ‘முடியாது’ தல்வாருடைய பிடிவாதம் என்று பார்த்தால் பாதிதான் புரியும். ஏதோ ஒரு சிற்றூர்க் கிளையில் பால் விற்ற காசைப் போட்டுவைத்திருக்கும் ஒருத்தியின் சார்பில் சொன்னது அது. அவள் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

இப்படியே எழுதிப் போனால் இது படத்துக்கு மாலை போடுகிற கட்டுரை ஆகிவிடும். ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. அதையும் வாகுலே சொல்லியிருக்கிறார். தல்வாரை மாட்டவைக்க ஏதாவது கிடைக்குமா என்று சிபிஐ தேடியபோது சொந்த ஊழல் எதுவும் அகப்படவில்லை. கிடைத்தது ஒன்றுதான்: அன்னை தொடங்கிய நகரமான ஆரோவில்லுக்கு நன்கொடை கேட்டுத் தொழிலதிபர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லை யுனெஸ்கோவே தீர்மானம் போட்டு ஆதரித்திருந்தது. மத்திய அரசின் ஆசியும் இருந்தது. கடிதம் பெற்ற தொழிலதிபர்களை விசாரித்தபோது, கட்டாயத்தின் பேரில் கொடுத்தோம் என்று ஒருவர்கூட வாக்குமூலம் தரவில்லை. சட்டப்படி அதோடு சரி. ஆனால் நாட்டின் மிகப் பெரிய வங்கியின் தலைவரிடமிருந்து நன்கொடை கேட்டு ஒரு கடிதம் வந்தால், அது வெறும் வேண்டுகோளாகவா போய்ச் சேரும்? அடுத்த மாதம் கடன் புதுப்பிக்க வேண்டிய கம்பெனி அதை எப்படிப் படிக்கும்? தமக்கென்று ஒரு பேனாகூட வாங்கியிருக்க மாட்டார். சாமிக்கு என்றதும் வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார் என்றே நினைக்கிறேன். கறாரான மனிதர்கள்கூட இந்த இடத்தில் கொஞ்சம் வழுக்குவார்கள். இதைச் சொல்வதால் அவர் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை; பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய மனிதராகத்தான் தெரிகிறார்.

பதவி போன பிறகு, காலம் கனிந்தபோது, தல்வார் மனைவியோடு புதுச்சேரிக்குக் குடியேறினார். ஆசிரமத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே அர்ச்சனை இல்லை, மணியோசை இல்லை. முற்றத்து மரத்தடியில் அரவிந்தரும் அன்னையும் அடங்கிய வெள்ளைப் பளிங்குச் சமாதி. தினமும் மாறும் பூ அலங்காரம். சுற்றிலும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள். மற்றபடி அங்கே வழிபாடு என்பது வேலை. அச்சகம், சாப்பாட்டுக் கூடம், கைக்காகிதம் செய்யுமிடம், தோட்டம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு செய்கிறார்கள். தட்டுக் கழுவுபவர் முன்பு என்னவாக இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் இருந்தபோதே வேலையைப் பூஜையாகச் செய்தவருக்கு அங்கே புதிதாகப் பழகிக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. ஸ்டேட் பாங்கின் தலைமையகம் பம்பாயில் இருந்தாலும் என்ன, அவருக்கு வீடு புதுச்சேரிதான் என்று முன்பே முடிவாகியிருந்தது போலும். 2002 ஏப்ரலில், எண்பது வயது நிறைய ஒன்றரை மாதம் இருக்கும்போது, காலமானார். இன்றைக்கும் வங்கித் துறையில் அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவு நடக்கிறது. அவரை அனுப்புவதற்கு அலைந்தவர்கள் பெயரில் அங்கே ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை.

சரி, தல்வார் பெரிய இடம். நம் ஊர்க் கதைக்கு வருவோம். வங்கியையும் சாமியையும் பக்கத்தில் உட்காரவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. நகரத்தார் கடைக் கணக்குகளில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தெய்வத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கும். கோயில் பணம் வட்டியோடு அதில் வளரும். லாபத்திலிருந்து மகமை எடுத்துவைப்பது எழுதாத சட்டம். அந்த மரபிலிருந்து வந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் கதவைத் திறந்தார். அதற்கு முன்பே, ஆர்பத்நாட் கம்பெனி 1906இல் மூழ்கிச் சென்னைக் குடும்பங்களின் சேமிப்பைக் கொண்டுபோன அதிர்ச்சியில் பிறந்தது இந்தியன் பாங்க். அடுத்தவர் பணத்தைத் தொடும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும் என்பதை நம்மவர்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த நடுக்கம் இன்னும் இருப்பது, என் கணிப்பில், ஊர்க்கோயில் கமிட்டிகளில் பொருளாளராக உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்களிடம்தான். சர்ச்சிலும் பள்ளிவாசலிலும்கூடப் பெரும்பாலும் அவர்களையே பிடித்துப் போடுகிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிடும் அவர்களது தொல்லை. ரசீது புத்தகத்துக்கு வரிசை எண் போடாமல் வெளியே விட மாட்டார்கள். நன்கொடையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து மறுநாள் தருகிறேன் என்பவரிடம் முகம் சுளிப்பார்கள். செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பார்கள். பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் வவுச்சர் கேட்பார்கள். ‘சாமி காரியத்துக்கு எதுக்கு சார் இவ்வளவு கணக்கு?’ என்று யாராவது அலுத்துக்கொள்வார். சாமி காரியம் என்பதால்தான் என்று பதில் வரும். அன்னதானத்தில் மிச்சமான அரிசி எத்தனை கிலோ என்று எழுதிவைத்து, அதை ஏலம் விட்டு, வந்த தொகையை வரவில் காட்டிய ஒரு பொருளாளரை எனக்குத் தெரியும். அவர் நெற்றியில் விபூதி கொஞ்சமாகத்தான் இருக்கும். எனக்கு அவர்தான் பெரிய பக்தராகத் தெரிகிறார்.

கோயில் கணக்கில் இத்தனை கறாராக இருப்பவர்கள் வீட்டுக் கணக்கில் எப்படி என்பதுதான் என் அடுத்த கேள்வி. இங்கே கொஞ்சம் உரிமையோடு கடிந்துகொள்ளப் போகிறேன்.

ஓய்வூதியம் வாங்கும் வங்கிக்காரர்கள் நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். ஒரு காலத்தில் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் உயிரோடிருப்பதற்குக் கையெழுத்துப் போட்டவர், இன்று தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வரிசையில் நிற்கிறார். 2014இல் ஜீவன் பிரமாண் வந்தபிறகு கைரேகையும், அப்புறம் முகமும் காட்டி வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். பேத்தி செல்போனைத் தாத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை மூடித் திறக்கச் சொல்வாள். அதுவரை நல்ல காட்சிதான். ஆனால் அந்தத் தாத்தாவுக்கு எந்தெந்த வங்கியில் டெபாசிட் இருக்கிறது, எதில் நாமினி யார், லாக்கர் சாவி எங்கே, எந்தக் கணக்கு ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று பாட்டிக்குத் தெரியுமா? ‘அவளுக்கு எதுக்கு அந்தக் கவலை, நான் பார்த்துக்கறேன்’ என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! பாசம்தான் அது, சந்தேகமில்லை. அவர் போன மறுவாரம் அந்தப் பாசம் கொண்டுவந்து நிறுத்தும் இடம் வாரிசுச் சான்றிதழ் தரும் தாலுகா அலுவலகம்.

பத்து வருஷம் யாரும் தொடாமல் கிடக்கும் வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் ஒரு தனி நிதிக்குப் போய்விடும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி அனுப்பிய தொகை 35,000 கோடி ரூபாய்க்கு மேல். வாரிசுகள் தேடிப் பார்க்க அதே ஆண்டு ஆகஸ்டில் ‘உத்கம்’ என்று ஒரு வலைத்தளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. உரியவர் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும், பறிபோகவில்லை. ஆனால் கேட்க வேண்டும் என்றால் இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே! இந்த 35,000 கோடியில் எத்தனை பங்கு, வீட்டில் சொல்லாமலே போனவர்களுடையது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்களில் வங்கிக்காரர்களும் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் ஒரு மணி நேரம் பாராயணம் பண்ணுகிறவர்கள், ஒரே ஒரு நாள் அதே மணையில் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். கணக்கு எண், முதிர்வுத் தேதி, நாமினி பெயர், இன்ஷூரன்ஸ், குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தக் கிளையில் யாரிடம் போக வேண்டும், என்ன காகிதம் எடுத்துப்போக வேண்டும் என்பதுவரை. முப்பது வருஷம் அயலார் பணத்துக்குக் காவல் இருந்த கையால் எழுதுவது. அப்படியே அடுத்த வீட்டு அம்மாவுக்கும், பூக்காரம்மாவுக்கும், காவலாளிக்கும் நாமினேஷன் படிவம் நிரப்பிக் கொடுத்தால் அந்தத் தெருவுக்கு நீங்கள் செய்யும் கைங்கரியம். படிவம் நிரப்ப வங்கிக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தால் ஆள் தேடிக்கொண்டு வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாசலில் இன்னொரு நாற்காலி போட வேண்டியிருக்கும்.

இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. டார்கெட், இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்லும் நெருக்கடி, இரவு எட்டு மணிக்கு வீடியோ கான்ஃபரன்ஸ் என்று நீங்கள் படும் பாட்டைக் கடிதங்களில் படிக்கிறேன். பாலிசி தேவைப்படாத பென்ஷன்காரரிடம் அதைத் தள்ளிவிடச் சொல்லி மேலிருந்து போன் வரும்போது, உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே சரி என்னவும் வேண்டாம். தல்வார் செய்தது போல முதலில் கோப்பைப் பாருங்கள். உங்களுக்காகச் சட்டம் திருத்த யாரும் மெனக்கெடப் போவதில்லை, அதிகபட்சம் ஒரு டிரான்ஸ்ஃபர். அது பெரிய விலைதான், எனக்குத் தெரியும். அப்படி விலை கொடுத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். உங்கள் பெயரும் வேண்டாம், கிளையின் பெயரும் வேண்டாம், என்ன நடந்தது என்பது போதும்.

ஓய்வு பெற்றவர்களிடமும் அதையே கேட்கிறேன். கடன் கொடுத்த கதைகள் நிறைய வந்துவிட்டன: டிராக்டர் வாங்கிக்கொடுத்தது, தையல் மிஷின் வாங்கிக்கொடுத்தது, அந்தப் பெண்ணே பின்னாளில் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தது எல்லாம். எதை மறுத்தீர்கள், யாரிடம் மறுத்தீர்கள், மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

அடுத்த இதழில் நாமினேஷன், கூட்டுக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம் பற்றி நடுப்பக்கத்தில் நான்கு பக்கங்கள் தனியாகப் பிரித்தெடுக்கும்படி வருகின்றன. பிரித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு மூன்றுக்காவது உங்களுக்கே பதில் தெரியாமல் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்